ஆரணித் துணியைத் தேடி பிரஸ்டன் வரை

நாள் 1, மான்செஸ்டர்

காலையில் இறங்கியதிலிருந்து மழை. அடித்துப் பெய்யவும் இல்லை, விடவும் இல்லை. பஞ்சாலைகள் இந்தப் பக்கம் பெருகியதற்கு இந்த ஈரக்காற்றும் ஒரு காரணம் என்பார்கள். காற்று காய்ந்தால் இழை அறும். ஆரணியில் எங்கள் வீட்டில் கோடை மத்தியானத்தில் அப்பா தறிக்குழியைச் சுற்றித் தண்ணீர் தெளித்துவிட்டுத்தான் உட்காருவார். அந்தத் தண்ணீரை இந்த ஊருக்கு வானமே தெளித்துவிடுகிறது.

எதற்கு வந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆரணி என்றால் இன்று பட்டுச் சேலையும் அரிசியும்தான் நினைவுக்கு வரும். 19-ஆம் நூற்றாண்டில் ஆரணிக்கு இன்னொரு பெயர் இருந்தது. மெல்லிய பருத்தி மஸ்லின் நெய்கிற ஊர். டாக்கா அளவுக்குப் புகழ் இல்லாவிட்டாலும், மதராஸ் மாகாணத்தில் நல்ல மஸ்லின் என்றால் ஆரணியைத்தான் சொன்னார்கள். அப்பாவின் தாத்தா காலத்தோடு அது போய்விட்டது. எங்கள் தெருவில் அதைக் கண்ணால் பார்த்தவர்கள் ஒருவரும் இல்லை. ஆனால் அதன் துண்டு இங்கிலாந்தில் இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

மதியம் லிவர்பூல் ரோட்டில் இருக்கும் அறிவியல், தொழில் அருங்காட்சியகத்துக்குப் போனேன். 1830-இல் கட்டிய ரயில் நிலையத்தின் வளாகம் அது. பஞ்சிலிருந்து துணி வரைக்கும் இயந்திரங்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். விசைத்தறி ஒன்றை ஓட்டிக் காட்டினார்கள். ஒரே ஒரு தறி. நெஞ்சுக்குள் அடிப்பதுபோல இருந்தது. இப்படி நூற்றுக்கணக்கான தறிகள் ஒரே கொட்டகையில் ஓடியிருக்கின்றன. அங்கே வேலை செய்த பெண்கள் காது கேட்காமல் உதட்டசைவைப் படித்தே பேசிக்கொள்வார்களாம். தறியை நிறுத்திய பிறகும் சிறிது நேரம் யாரும் பேசவில்லை.

அப்பாவுக்கு ஒரு வீடியோ அனுப்பினேன். "நாடா வேகமா போவுது. ஆனா கை இல்லையேம்மா" என்று பதில் வந்தது. நாடா என்றால் குறுக்கிழையைக் கொண்டு ஓடும் ஓடம்.

நாள் 2, பிரஸ்டன்

மான்செஸ்டரிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். ஜன்னலில் செங்கல் புகைபோக்கிகள் வந்து வந்து போயின. பெரும்பாலானவற்றில் புகை நின்று பல காலம் ஆகிறது. நூற்பு இயந்திரத்தால் பெயர் பெற்ற ரிச்சர்ட் ஆர்க்ரைட் பிறந்த ஊர் பிரஸ்டன். ஸ்டோனிகேட்டில் ஒரு வீட்டில் தங்கி 1768-இல் அதைச் செய்து பார்த்திருக்கிறார். அந்த வீடு இன்னும் நிற்கிறது. அதை வெளியே நின்று பார்த்துவிட்டு நேரே ஹாரிஸ் அருங்காட்சியகத்துக்கு நடந்தேன்.

சந்தைச் சதுக்கத்தின் ஓரத்தில் கிரேக்கக் கோயில் மாதிரி தூண்கள் வைத்த கட்டடம். 1893-இல் திறந்தது. நூலகமும் அருங்காட்சியகமும் ஒரே கூரையின் கீழ். சில ஆண்டுகள் மூடி வைத்துப் புதுப்பித்து, 2025-இல்தான் மறுபடி திறந்திருக்கிறார்கள். பையில் புத்தகங்களோடு அம்மாக்களும் பிள்ளைகளும் வருவதும் போவதுமாக இருந்தார்கள். நான் முன்கூட்டியே எழுதிக் கேட்டிருந்ததால் உள்ளறை ஒன்றுக்கு அழைத்துப் போனார்கள்.

மேசை மேல், நுரைத் தாங்கிகளுக்கு நடுவில், துணி மாதிரிகள் ஒட்டிய ஒரு தொகுதி திறக்காமல் இருந்தது.

இதன் கதை இப்படி. ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் பம்பாய்ப் படையில் வேலை பார்த்தவர். பிறகு லண்டனில், இந்தியாவை நிர்வகித்த பிரிட்டிஷ் அரசுத் துறையான இந்தியா ஆபீஸில் இந்திய விளைபொருள்களைக் கவனிக்கும் பொறுப்புக்கு வந்தார். அங்கே இந்தியா மியூசியத்தில் நம் நாட்டுத் துணிகள் குவிந்து கிடந்தன. அவற்றை 1866-இல் அவர் கத்தரியால் வெட்டினார். 700 மாதிரிகள், 18 தொகுதிகள், அதில் 20 பிரதிகள். கணக்குப் போட்டால் 14,000 துண்டுகள். 13 பிரதிகள் பிரிட்டனின் தொழில் நகரங்களுக்குப் போயின, 7 இந்தியாவுக்கு வந்தன. இந்தியர்கள் எதை உடுத்துகிறார்கள், என்ன நீளம், என்ன கரை என்று பார்த்து இந்த லங்காஷயர் வட்டாரத்து ஆலைகள் அதே மாதிரி நெய்து நமக்கே விற்க வேண்டும் என்பதுதான் முதல் நோக்கம். இதை அவர் மறைக்கவில்லை, முன்னுரையில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார். ஒவ்வொரு பிரதியையும் ஒரு அருங்காட்சியகம் என்றே அவர் சொன்னார்.

அந்தக் காலத்து அச்சில் ஒரு துணியைப் படமாகப் போட்டால் இழையும் தெரியாது, தடிமனும் தெரியாது. அதனால் துணியையே ஒட்டிக் கொடுத்தார். 1866-இல் துணிக்கு நகல் எடுப்பது என்றால் துணியையே வெட்டுவதுதான்.

துணிகளைப் பராமரிக்கும் பாதுகாவலர் அம்மா என்னிடம் முதலில் கேட்டது, கையில் களிம்பு ஏதாவது தடவியிருக்கிறேனா என்று. கையைக் கழுவித் துடைத்துவிட்டு வரச் சொன்னார். தாளைப் புரட்டக் கையுறை வேண்டாமாம். உறை போட்டால் விரலுக்குத் தாளின் கனம் தெரியாமல் ஓரம் கிழிந்துவிடும் என்றார். துணியை மட்டும் தொடக் கூடாது. விளக்கு மங்கலாக இருந்தது. வெளிச்சத்தை அளக்கும் அலகில் ஐம்பது லக்ஸுக்கு மேல் போக மாட்டார்கள். சாயம் வெளிச்சத்தில் வெளிறுவது திரும்பி வராத நஷ்டம். இருட்டில் வைத்தால் வெளிறுவது நிற்கும், போன நிறம் வராது. கம்பளிக்கும் பட்டுக்கும் பூச்சி வந்தால் மருந்து அடிப்பதில்லை. பொட்டலமாகக் கட்டி ஆழ்குளிரில் வைத்து முட்டையோடு சாகடிக்கிறார்கள்.

முதலில் முண்டாசுத் துணிகள். பக்கத்துக்குப் பக்கம் அச்சடித்த சிறு குறிப்பு: இது என்ன துணி, எவ்வளவு நீளம், அகலம், எடை, எந்த ஊர், என்ன விலை. ஒரு கணக்குப்பிள்ளை எழுதியதுபோல. மதுரை வந்தது. கோயம்புத்தூர் வந்தது. தஞ்சாவூர் வந்தது. பழைய இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலில் இருந்தாலும் ஊர்ப் பெயர்களைப் பார்த்ததும் தெரிந்தவர் முகத்தைப் பார்த்ததுபோல இருந்தது.

சேலைத் துண்டு ஒன்றில் நிறுத்தச் சொன்னேன். ஒரு பக்கக் கரை இருந்தது. உடலிலிருந்து கரைக்கு மாறுகிற இடத்தில் ஊடை இழை, அதாவது குறுக்கிழை, எப்படித் திரும்புகிறது என்று குனிந்து பார்த்தேன். தனி நாடாவில் நெய்து உடலோடு கோர்த்த கோர்வையா, இல்லை ஒரே நாடாவில் ஓட்டிய கரையா? அதைத் தெரிந்துகொள்ள அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் தாளோடு ஒட்டியிருக்கிறது. நூற்று அறுபது வருடமாக ஒட்டியிருக்கிறது.

முந்தி இல்லை. சேலை முழுசாக இருந்தபோது அதற்கு முந்தி இருந்திருக்கும். அந்தத் துண்டு வேறு பிரதிக்குப் போயிருக்கும். கிளாஸ்கோவுக்கோ, ஹாலிஃபாக்ஸுக்கோ, கடல் தாண்டி நம் பக்கத்துக்கோ. ஒரு சேலை 20 ஊர்களில் கிடக்கிறது.

அப்புறம்தான் ஆரணி வந்தது.

வெள்ளைத் துணி. வேலைப்பாடு ஒன்றும் இல்லை. பூ இல்லை, கரை இல்லை. பக்கத்தைப் புரட்டியபோது அடியில் இருந்த தாளின் நிறம் அதன் வழியாகத் தெரிந்தது. அவ்வளவு மெல்லிசு. உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். இழைகள் ஒரே சீராக இல்லை. ஓரிடத்தில் ஒரு பாவு இழை, அதாவது நீளவாக்கு இழை, கொஞ்சம் பருத்து, அரை விரல் நீளம் போய், திரும்ப மெலிந்தது. கையால் நூற்ற நூல். நூற்றவள் அந்த இடத்தில் பஞ்சைக் கொஞ்சம் கூட விட்டிருக்கிறாள். வாசலில் யாரோ கூப்பிட்டுத் திரும்பியிருப்பாளோ, பிள்ளை அழுததோ. வாட்சனே இந்திய மஸ்லின் இழையையும் ஐரோப்பிய ஆலை இழையையும் உருப்பெருக்கியில் வைத்து ஒப்பிட்டு, நம் கைநூலில் முறுக்கு அதிகம் என்று எழுதியிருக்கிறார். அந்த முறுக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கண் கலங்கிவிட்டது. துணி மேல் விழுந்துவிடக் கூடாது என்று நாற்காலியைப் பின்னால் தள்ளி உட்கார்ந்தேன். அந்த அம்மா ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடியை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

நாள் 3, பிரஸ்டன்

இன்று மேசையில் தொகுதி இல்லை, திரைதான். ஹாரிஸ் தன்னிடம் உள்ள 18 தொகுதிகளையும் படம் எடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. ஆரணியில் உட்கார்ந்தபடியே நான் பல இரவுகள் பார்த்த படங்கள்தான். அவை இல்லாவிட்டால் இப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு முறை தொகுதியைத் திறக்கும்போதும் மடித்து ஒட்டிய துணியின் மடிப்பில் இழை நோகும். ஆயிரம் பேர் பார்க்க வேண்டுமென்றால் படம்தான் வழி.

துணியைப் படம் எடுப்பது ஆள்களைப் படம் எடுப்பது மாதிரி இல்லை. விளக்கை மேலே வைத்தால் துணி தட்டையாகிவிடும். பக்கவாட்டில், கிட்டத்தட்ட மேசை மட்டத்தில் வைத்தால்தான் ஒவ்வொரு இழைக்கும் ஒரு நிழல் விழும், நெசவு எழுந்து நிற்கும். பக்கத்தில் ஒரு அளவுகோல் கட்டாயம். நிறத்துக்கு ஒரு வண்ண அட்டை. அட்டை இல்லாமல் எடுத்த படத்தில் அவுரி நீலமும் இன்றைய ரசாயன நீலமும் ஒன்றாகத்தான் தெரியும். அட்டை இருந்தால் நாளைக்கு எந்தத் திரையிலும் நிறத்தைச் சரிபார்த்துக்கொள்ளலாம். வெள்ளைத் துணிதான் இருப்பதிலேயே கஷ்டம். வெள்ளை மேல் வெள்ளை. கொஞ்சம் வெளிச்சம் கூடினாலும் இழை கரைந்துவிடும்.

அங்கிருந்தவர்களோடு பேச்சு முழுக்க ஒரு விஷயத்தையே சுற்றிக்கொண்டிருந்தேன். 20 பிரதிகளில் மிஞ்சியிருக்கிறவை அனைத்தையும் ஒரே முறையில், ஒரே அளவில் படம் எடுத்தால் அந்தச் சேலைத் துண்டுகளைத் திரையில் சேர்த்துப் பார்க்கலாம். இங்கே இருக்கும் கரையையும் வேறெங்கோ இருக்கும் முந்தியையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம். கட்டத்தின் கணக்கு ஓடி வருகிறதா, இழை எண்ணிக்கை பொருந்துகிறதா என்று பார்த்து எந்தத் துண்டுக்குப் பக்கத்தில் எந்தத் துண்டு இருந்தது என்று சொல்லிவிட முடியும். கத்தரி செய்ததைக் கேமராவால் ஓரளவாவது திருப்ப முடியும். எனக்கு இந்த வேலை இதற்காகத்தான் முக்கியம். பாதுகாப்பது என்பதே போதும் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருபதாக வெட்டியதைத் தனித்தனியாகப் பாதுகாப்பதில் எனக்குத் திருப்தி இல்லை.

இன்னொன்று, பெயர்கள். ஆரணி என்று தமிழில் தேடினால் ஒன்றும் வராது. இன்றைய இங்கிலீஷ் எழுத்துக்கூட்டலில் தேடினாலும் வராது. 1866-இல் கேட்டவர் காதில் எப்படி விழுந்ததோ அப்படி எழுதிய எழுத்துக்கூட்டல்தான் பிடிக்கும். மதுரைக்கு அவர்கள் எழுதியதைப் படித்தால் வடக்கே இருக்கும் மதுராவா என்று குழம்பும். கண்டாங்கி, கோர்வை, புட்டா, பேட்டு என்று நாம் ஒரு துணியைப் பார்த்ததும் சொல்கிற சொற்களில் ஒன்றுகூட தேடுபெட்டிக்குத் தெரியாது. நெய்தவன் சொல் பதிவில் இல்லையென்றால் நெய்தவன் பேரன் அதைக் கண்டுபிடிக்க மாட்டான். இதை அங்கே சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார்கள்.

எழுதிக் கொடுப்பதற்கு முன் ஒன்று நினைவுக்கு வந்து மனதை அறுத்தது. அப்பா சேர்ந்திருந்த ஒரு நெசவாளர் சங்கத்தில், சேலைப் பூவேலைக்கான பழைய புட்டா கிராஃப் தாள்கள் இரண்டு பீரோ நிறைய இருந்தன. பேனா மையில் கட்டம் கட்டமாக நிரப்பியவை. கட்டடம் மாற்றியபோது எடைக்குப் போட்டுவிட்டார்கள். அப்பா போய்ச் சேருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. மூன்று தாள் மட்டும் கதவருகே கிடந்தவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தார். கரையான் அரித்த ஓரத்தோடு அவை எங்கள் வீட்டில் ஒரு சேலைப் பெட்டிக்குள் இருக்கின்றன. ஒரு போனில் படம் எடுத்து வைத்திருந்தால்கூடப் போதுமாக இருந்திருக்கும்.

நாள் 4, லண்டன் போகும் வழி

ரயிலிலேயே பாதி நாள். பிரஸ்டனுக்குத் தென்கிழக்கே கொஞ்ச தூரத்தில், பார்க்க முடியாமல் போன ஊர் டார்வென். 1931 செப்டம்பரில் காந்தி அங்கே வந்து தங்கினார். கதர் இயக்கத்தால் ஆர்டர் குறைந்து வேலை இழந்திருந்த ஆலைத் தொழிலாளர்களை நேரில் பார்க்கத்தான் வந்தார். ஆலைப் பெண்கள் கை தூக்கி ஆரவாரம் செய்ய நடுவில் அவர் நிற்கிற புகைப்படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெண்களின் பாட்டிகளுக்கு இந்தத் தொகுதிகளைப் பார்த்துத்தான் வேட்டி நெய்யக் கற்றுக்கொடுத்திருப்பார்கள் என்று தோன்றியது. அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

நாள் 5, கிழக்கு லண்டன்

விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் புதிய கிடங்கு ஸ்ட்ராட்ஃபோர்டு பக்கம், ஒலிம்பிக் பூங்காவுக்குள் இருக்கிறது. 2025 மே 31-இல் திறந்தார்கள். கிடங்கு என்றால் பூட்டி வைத்த கிடங்கு இல்லை, யாரும் உள்ளே நடக்கலாம். இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள். நடுக்கூடத்தில் நின்று அண்ணாந்தால் மூன்று அடுக்கு வரை அலமாரிகள். ஆக்ரா கோட்டையின் பளிங்குத் தூண் வரிசை ஒன்றும் இங்கே நிற்கிறது.

நான் வந்தது இன்னொன்றுக்காக. இணையத்தில் பட்டியலைப் பார்த்து ஐந்து பொருள்கள் வரை தேர்ந்தெடுத்து, இரண்டு வாரம் முன்பே சொல்லிவிட்டால், எடுத்து வைத்துக் காத்திருப்பார்கள். பணம் கிடையாது. ஆராய்ச்சியாளர் என்று சான்று கேட்பதும் கிடையாது. பக்கத்து மேசையில் ஒரு கல்லூரிப் பெண் தன் பாட்டியோடு வந்து ஒரு பழைய கவுனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இதை நம் ஊர் அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் பார்க்க ஆசையாக இருக்கிறது. இணையப் பட்டியல் ஒழுங்காக இருப்பதால்தான் இது நடக்கிறது. எதில் என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் யார் எதைக் கேட்பது?

நான் கேட்டதில் முக்கியமானது சோழமண்டலக் கரையின் சீட்டித் துணி, சாயத்தால் பூவேலை செய்த பருத்தித் துணி. 18-ஆம் நூற்றாண்டு. இரண்டு பேர் சேர்ந்து அமிலமில்லாத தாளோடு உருளையிலிருந்து மெல்லப் பிரித்தார்கள். பூமரம், அடியில் பாறை. சிவப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. சாயவேர்ச் சிவப்பு, இம்பூரல் என்றும் சொல்வோம். படிக்காரம் தடவிய இடத்தில் மட்டும் பிடிக்கும், தடவாத இடத்தில் அலசலோடு போய்விடும். அதனால் இது அச்சுப்போல மேலே உட்கார்ந்த நிறம் இல்லை, இழைக்குள் போன நிறம். ஐரோப்பியர்களை மயக்கியது இதுதான். ஆள் ஆளுக்கு வாங்கிக் குவித்து, உள்ளூர் நெசவாளர்கள் கொதித்து, 1721-இல் சீட்டித் துணி உடுத்தவே கூடாது என்று பிரிட்டன் சட்டம் போட்டது.

"இங்கே பாருங்கள்" என்று பணியாளர் ஒரு இலையின் ஓரத்தைக் காட்டினார். சிவப்பு இருக்கிறது, நீலம் இருக்கிறது. கறுப்புக் கோடு இருக்க வேண்டிய இடத்தில் துணியே இல்லை. கோட்டின் அகலத்துக்குத் துல்லியமாக ஒரு பிளவு. கறுப்பு என்பது இரும்பும் கடுக்காயும் சேர்ந்து வருவது. இரும்பு வருடக்கணக்கில் பருத்தியை அரித்துக்கொண்டே இருக்கும். வெளிச்சத்தை அணைத்தாலும், குளிரில் வைத்தாலும் அது மெதுவாகும், நிற்காது. ஓவியன் இழுத்த கோடுதான் முதலில் போகிறது.

பின்னால் மெல்லிய வலைத்துணி வைத்துத் தாங்கியிருந்தார்கள். தைத்தால் ஊசித்துளையே புது நோயாகிவிடும் என்பதால் யோசித்து யோசித்துத்தான் தையல் போடுவார்களாம்.

போன வாரம் வரை, படம் எடுப்பது மற்றவர்கள் பார்ப்பதற்காக என்று நினைத்திருந்தேன். இந்தப் பிளவைப் பார்த்தபோது அது மட்டும் இல்லை என்று புரிந்தது. இன்று எடுக்கும் படத்தில் இருக்கிற கோடு இருபது வருடம் கழித்துத் துணியில் இருக்காது. எவ்வளவு போயிருக்கிறது என்று அளப்பதற்கும் இன்றைய படம்தான் வேண்டும்.

நாள் 6, லண்டன்

இரவு விமானம். காலை முழுக்க அறையிலேயே உட்கார்ந்து ஹாரிஸுக்கான குறிப்பை எழுதினேன்.

அதற்கு முன்பு ஆரணித் துணியின் படத்தை அப்பாவுக்கு அனுப்பியிருந்தேன். வாட்ஸப்பில் சாதாரணமாக அனுப்பியதில் படம் சுருங்கி இழை எல்லாம் மாவாகிவிட்டது. கோப்பாக மறுபடி அனுப்பினேன். தம்பி அதைக் கம்ப்யூட்டரில் திறந்து கொடுத்திருக்கிறான். ஒரு மணி நேரம் கழித்து அழைப்பு வந்தது.

"அளவுகோல் வெச்சிருக்காங்க, நல்லதாப் போச்சு. ஒரு இன்ச்சுக்குப் பாவு எண்ணிட்டேன். மூணு தடவை எண்ணினேம்மா. தம்பியும் எண்ணினான்."

"எவ்வளவுப்பா?"

எண்ணைச் சொல்லவில்லை. பாவு இழைகளைப் பிரித்து நிறுத்தும் சீப்பான அச்சுக்குத் தாவிவிட்டார். "அச்சுப் பல்லு எதுல பண்ணியிருப்பாங்க? இவ்வளவு நெருக்கத்துக்கு மூங்கிலைச் சீவணும்னா எவ்வளவு பொறுமை வேணும்" என்றார். பிறகு, "கஞ்சி போட்டிருக்காங்க. பாவு மேல மினுமினுப்பு இருக்கு பாரு. ஊடையில இல்லை" என்றார்.

நான் நேரில், கண்ணாடியோடு, அரைமணி நேரம் பார்த்தும் அது என் கண்ணில் படவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆமாம். சாய்ந்த வெளிச்சத்தில் நீளவாக்கில் ஓடும் இழைகள் மட்டும் லேசாக மின்னின.

அதைக் குறிப்பில் சேர்த்தேன். பாவு கஞ்சியிட்டது, ஊடை கஞ்சியில்லாதது, படத்தைப் பார்த்துச் சொன்னவர் ஆரணி நெசவாளர் என்று. ஊர்ப் பெயர்களுக்கு எதிரே தமிழில் எழுதினேன். சேலைத் துண்டுகளுக்கு வந்தபோது அப்பாவை லைனிலேயே இருக்கச் சொன்னேன். நான் படத்தின் எண்ணைச் சொல்ல, தம்பி அங்கே திறக்க, அப்பா கரையின் பெயரைச் சொன்னார். சில கரைகளுக்கு அவருக்கே பெயர் தெரியவில்லை. கோடி வீட்டுப் பெரியவருக்குத் தெரியும், அவர் அந்தக் காலத்தில் பருத்திச் சேலை நெய்தவர், கூட்டிவரச் சொல் என்று தம்பியை அனுப்பினார்.

பெரியவர் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முதல்லேருந்து காட்டுப்பா" என்றார்.